பள்ளியில் விட்டதை முப்பதுக்கு மேல் தொடர்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

விண்ணப்பப் படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும் மனிதர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர்கள், ப்ளஸ் 2 பாதியில் வேலைக்குப் போனவர்கள், தட்டுத்தடுமாறித் தேர்ச்சி பெற்று அதோடு நின்றவர்கள். இன்று அவர்களுக்கு முப்பதோ நாற்பதோ ஐம்பதோ ஆகியிருக்கும். ஜவுளிக்கடையிலும் லேத் பட்டறையிலும் லாரியிலும் அடுப்படியிலும் பல ஆண்டுகள் உழைத்திருப்பார்கள். இனி என்ன என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்திருக்காது.

பள்ளியில் சேராமல் நேரடியாகப் பொதுத்தேர்வு எழுதும் தனித்தேர்வர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எனக்கு நீண்ட காலமாக உண்டு. நான் பார்த்த வரையில், அறிவு போதாமல் பாதியில் நின்றவர்கள் மிக அபூர்வம். எதற்காகப் படிக்கிறோம் என்று தெளிவில்லாமல் தொடங்கியவர்களே நின்றார்கள். பழைய அவமானத்துக்குப் பதில் சொல்வதற்காகப் புத்தகத்தை எடுத்தவர்களுக்கு அந்த வேகம் ஓரிரு மாதம் தாங்கியது. இன்றைய வாழ்க்கையில் தம்மை மறித்து நிற்கும் ஒரு குறிப்பிட்ட தடையை விலக்குவதற்காகப் படித்தவர்கள் தேர்வு அறை வரை வந்து சேர்ந்தார்கள். கீழே உள்ள படிகளை அந்த அனுபவத்தை வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன். தமிழ்நாட்டில் உள்ள வழிகளையே சொல்கிறேன்.

முதல் படி: பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்துப் படியுங்கள்

பெரும்பாலோர் அந்தத் தாளைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, 'எனக்குப் படிப்பு ஏறவில்லை' என்ற ஒரே வரியை மட்டும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். தாளை வெளியே எடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, அந்த ஆண்டில் வீட்டிலும் வகுப்பிலும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். அப்பா படுக்கையில் விழுந்த ஆண்டா? பள்ளி விட்டதும் கடையில் வேலையா? தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றிய ஆண்டா? கரும்பலகை மங்கலாகத் தெரிந்ததை யாரிடமும் சொல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்களா? சாதியைச் சொல்லியோ வறுமையைச் சொல்லியோ வகுப்பில் கூனிக் குறுக வைத்தார்களா?

கணக்கில் தவறியவர்களிடம் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் பத்தாம் வகுப்பில் எதுவும் உடைந்திருக்காது. ஐந்தாம், ஆறாம் வகுப்பில் பின்னம் வந்தபோது ஒரு மாதம் பள்ளிக்குப் போயிருக்க மாட்டார்கள். அதன் மேல் கட்டிய விகிதம், சதவீதம், இயற்கணிதம் எல்லாம் அந்த ஓட்டையோடு வளர்ந்திருக்கும்.

எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தும் பொருள் பிடிபடாதது போன்ற சிரமம் சிறு வயதிலிருந்தே இருந்தால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. முறையான மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். இருபது ஆண்டுகளாகத் தன்னை மக்கு என்று நம்பிய ஒருவருக்கு இந்தத் தகவல் எவ்வளவு பெரியது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் முதல் நாளே, 'சார், தசமம் என்றாலே எனக்கு ஆகாது' என்றார். அவர் பையில் தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி இருந்தது. என் பேனாவைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். உருளையில் 7.5 மில்லிமீட்டர் கோடு தாண்டியிருந்தது. சுழலும் வளையத்தில் 23ஆவது கோடு நேராக நின்றது. 'ஏழு புள்ளி ஏழு மூன்று' என்று உடனே சொன்னார். வளையத்தின் ஒவ்வொரு கோடும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர். 7.5 உடன் 0.23ஐக் கூட்டியதை அவர் கணக்கு என்றே நினைத்திருக்கவில்லை. அன்றைக்கு அவருடைய நோட்டில் தசமக் கூட்டலை அந்த அளவிலிருந்தே தொடங்கினோம். உங்கள் தொழிலிலும் இப்படி ஏதாவது இருக்கும். ரவிக்கைத் துணி அளவு, டீசல் மைலேஜ், வட்டிக் கணக்கு, சமையல் ஆர்டரின் அரிசி அளவு என்று நீங்கள் அன்றாடம் தவறில்லாமல் செய்வதைப் பட்டியலிடுங்கள். மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியலும் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: உங்களை மறிப்பது எது என்று ஒரே வரியில் எழுதுங்கள்

'வாழ்க்கையில் முன்னேற வேண்டும்' என்பது போதாது. 'பத்தாம் வகுப்புச் சான்று இல்லாததால் மேற்பார்வையாளர் பதவிக்கு என் பெயரை அனுப்ப மறுக்கிறார்கள்', 'தொழில் தெரியும், ஆனால் சொந்தமாக வயரிங் எடுத்துச் செய்ய உரிமம் இல்லை', 'கடன் திட்டத்தில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள்', 'ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் கணக்குக் கேட்டால் எழுந்து போய்விடுகிறேன்'. இப்படி இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைச் சிறிய காரணம் என்று தள்ளாதீர்கள். பெற்ற பிள்ளை முன் தலை நிமிர்ந்து உட்கார விரும்புவது ஒரு மனிதரை ஓராண்டு படிக்க வைக்கப் போதுமானது.

எழுதிய பிறகு, அந்தத் தடையை ஏற்கெனவே தாண்டிய ஒருவரை உங்கள் தெருவிலோ வேலையிடத்திலோ தேடிப் பிடியுங்கள். காமராசர் படிக்காமல் முதல்வராகவில்லையா என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த உதாரணத்தால் உங்கள் அடுத்த திங்கட்கிழமைக்குப் பயனில்லை. உங்களைவிட இரண்டு படி மட்டும் மேலே நிற்பவர்தான் எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் கேட்க வேண்டும், எவ்வளவு செலவானது, வீட்டில் எப்படிச் சமாளித்தார் என்பதைச் சொல்வார்.

மூன்றாம் படி: தடைக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் நிதானம் தேவை. தவறான வழியில் இரண்டு ஆண்டு போனால் மறுபடி தொடங்கும் தெம்பு பலருக்கு இருப்பதில்லை.

பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக நேரடியாக எழுதலாம். அதில் தேர்ச்சி பெற்றவர்கள் பத்தாம் வகுப்பை எழுதலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள்; ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் மட்டும் கணக்கு வேறு: எழுத்துத் தேர்வின் 75க்குக் குறைந்தது 20, செய்முறையின் 25க்குக் குறைந்தது 15 எடுக்க வேண்டும். முதல் முறை எழுதும் தனித்தேர்வர்கள் அந்தச் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் பல மாதம் முன்பே தனியாகப் பெயர் பதிய வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிப்பதும் இதுவும் வெவ்வேறு. பாடம் முழுவதும் படித்துவிட்டு, இந்தப் பதிவைத் தவறவிட்டதால் ஓர் ஆண்டை இழந்தவர்கள் உண்டு. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

இன்னொரு வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்திய அரசின் அமைப்பு, 1989இல் தொடங்கியது. இங்கே பாடங்களை ஓரளவு நீங்களே தேர்ந்தெடுக்கலாம், தேர்ச்சிக்கு 33 விழுக்காடு போதும். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டே போகலாம் என்பதால், ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கும் கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கும் இதையே முதலில் சொல்வேன். மாநில அரசு வேலைதான் நோக்கம் என்றால், பணம் கட்டுவதற்கு முன் அந்த வேலையின் அறிவிக்கையில் இந்தச் சான்று ஏற்கப்படுகிறதா என்று எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

கைத்தொழிலில் இருப்பவர்கள் பலருக்கும் தெரியாத வழிகள் மூன்று. முதலாவது ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையம். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். எட்டாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், தமிழ், ஆங்கில மொழித்தேர்வுகளை மட்டும் எழுதிப் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பத்தாம் வகுப்போடு முடித்தவருக்கு இதே முறையில் ப்ளஸ் 2 இணைச் சான்று கிடைக்கும். கணக்கைக் கண்டு அஞ்சுபவர்கள் இந்த வழியை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். பகல் நேரப் படிப்பு என்பதால் சம்பளம் நிற்கும் என்பதுதான் இதன் கடினமான பக்கம்.

இரண்டாவது, ஏற்கெனவே தொழில் அனுபவம் உள்ளவர்கள் ஐ.டி.ஐ.யில் உட்காராமல், ஐ.டி.ஐ. மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. மூன்றாவது, மின்வேலை செய்பவர்களுக்கான மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. இதில் பார்ப்பது பள்ளிச் சான்றைவிடப் பல ஆண்டு வயரிங் அனுபவத்தைத்தான். இரண்டுக்கும் அறிவிப்பு வருவதைப் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டு வையுங்கள்.

சொந்தத் தொழில்தான் விருப்பம் என்றால் பள்ளித் தேர்வுகளுக்குள் போகாமலே இருக்கலாம். மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் தையல், கைப்பேசி பழுதுபார்த்தல், ஆடு மாடு வளர்ப்பு போன்றவற்றில் உணவோடு இலவசப் பயிற்சி தருகிறார்கள். கடன் பக்கம் போனால், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேலும், சேவைத் தொழிலுக்கு 5 லட்சத்துக்கு மேலும் திட்ட மதிப்பு இருந்தால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். அந்த எல்லைக்குள் படிப்புச் சான்று தேவையில்லை.

பட்டம் வேண்டும் என்பவர்களுக்கு இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வரிசை முக்கியம்: பத்தாம் வகுப்பு, அடுத்து ப்ளஸ் 2 அல்லது மூன்றாண்டு டிப்ளமா, அதன் பிறகே பட்டம். பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை. 'ஒரே ஆண்டில் டிகிரி', 'தேர்வு எழுதாமலே சான்று' என்று சுவரொட்டி ஒட்டுபவர்கள் குறிவைப்பது உங்களைப் போன்றவர்களைத்தான். உங்கள் கூச்சத்தை அவர்கள் காசாக்குகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் பெயர் இல்லாத எதற்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

அரசு வேலை பற்றி ஒரு சொல். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். 200 வினாக்கள், 300 மதிப்பெண்; அதில் சரிபாதி தமிழ். தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினர் பத்தாம் வகுப்புக்கு மேல் தேர்ச்சி பெற்றிருந்தால் பல பதவிகளில் உச்ச வயது வரம்பு தளர்ந்துவிடுகிறது. முப்பத்தெட்டு வயதில் ப்ளஸ் 2 எழுதுவதற்கு இது மிக நல்ல காரணம். ஆனால் வேலையை விட்டுவிட்டு இதற்கே வருடக்கணக்கில் உட்காருவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. லட்சக்கணக்கானோர் சில ஆயிரம் இடங்களுக்கு எழுதும் தேர்வு அது. வருமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள்.

நான்காம் படி: விருப்பம் வராத நாளிலும் நடக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்

ஆர்வம் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. பள்ளியில் புத்தகத்தோடு சேர்ந்து வந்தது அடியும் அவமானமும்தான் என்றால், புத்தகத்தைக் கண்டதும் விலகிப் போகத்தான் மனம் சொல்லும். நேற்று புரியாத ஒரு கணக்கு இன்று புரிந்தது என்ற அனுபவம் சில முறை நடந்த பிறகே அந்த விலகல் தளர்கிறது. ஆகவே அந்தச் சிறு வெற்றிகள் விரைவில் கிடைக்கும்படி தொடக்கத்தை அமைக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் வயதில் ஆறாம் வகுப்புக் கணக்கு வேகமாக நகரும். பின்னமும் சதவீதமும் சரியானால், மேல் வகுப்புகளில் பாதி பயம் போய்விடும்.

நாளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்தவரை வேலைக்குக் கிளம்பும் முன் வையுங்கள். பத்து மணி நேரம் நின்று விற்பனை செய்துவிட்டு வரும் உடம்பிடம் இரவில் கவனத்தைக் கேட்பது நியாயமில்லை. வீட்டில் இடமில்லை என்றால் பக்கத்துக் கிளை நூலகம் இருக்கிறது. கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள்.

படிக்கும் முறையையும் மாற்றுங்கள். பள்ளியில் நாம் கற்றது வாய்விட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது. அது தெரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும்; இரண்டு நாளில் கரைந்துவிடும். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அதையே மறுபடி எழுதுங்கள். நினைவைப் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலமாக உறுதிசெய்து வரும் முறை இது. வயதானவர்களுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது.

கையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பொதுத்தேர்வில் மூன்று மணி நேரம் எழுத வேண்டும். பல ஆண்டுகளாகக் கையெழுத்து மட்டுமே போட்ட விரல்கள் கால் மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும். பதில் தெரிந்தும் கை ஓடாமல் கடைசி வினாக்களை விட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் கால் மணி, அடுத்த வாரம் இருபது நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போய், தேர்வுக்கு முன் முழு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். பழைய வினாத்தாள்கள்தான் இதற்குச் சிறந்த துணை. கண்ணாடி தேவைப்படுகிறதா என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

35 மதிப்பெண்ணைக் குறியாக வைக்க வெட்கப்பட வேண்டாம். உங்களுக்குத் தேவை தேர்ச்சி என்றால் கணக்கில் வரைபடம், செய்முறை வடிவியல், உறவுகளும் சார்புகளும் போன்று பயிற்சியால் உறுதியாக வரும் பகுதிகளை முதலில் பிடியுங்கள். ஆங்கிலத்தில் கடிதம், மனப்பாடச் செய்யுள் ஆகியவை கைகொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. எதிலும் நாட்டமில்லாமை, தூக்கம் கெடுதல், தன்னை வீண் என்று நினைத்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், ரத்தசோகையும் தைராய்டு குறைவும்கூட மனிதரை அப்படி ஆக்கும். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஐந்தாம் படி: வீட்டில் சொல்லுங்கள், ஊரில் சொல்ல வேண்டாம்

உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அறிவித்துவிட்டுத் தொடங்கியவர்கள், ஒவ்வொரு விசேஷத்திலும் 'என்ன, பாஸா?' என்ற கேள்வியைச் சுமக்கிறார்கள். முடிவு வரும்வரை வெளியில் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. வீட்டிலிருப்பவர்களிடம் மறைத்தால் மட்டும் நேரம் கிடைக்காது.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். 'இந்த வயதில் உனக்கு எதற்கு' என்ற கேள்வி முதலில் சமையலறையிலிருந்தே வரும். என்னிடம் படித்த ஒரு அம்மா, மகளின் வீட்டுப்பாட நேரத்தையே தன் படிப்பு நேரமாக்கிக்கொண்டார். மகள் ஆசிரியை, அம்மா மாணவி. தப்பாகச் செய்தால் மகள் சிவப்புப் பேனாவால் சுழிப்பாள். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பாடம் உறுதியாகும் என்பதால் இருவருக்கும் அது பயன்பட்டது. மாமியாருக்கும் மறுப்புச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. கணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த முக்கால் மணி நேரம் அடுப்பையும் குழந்தையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு மையத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்குமே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தனித்தேர்வர்களுக்குத் தனி மையங்களே ஒதுக்குவார்கள். அங்கே போலீஸ் வேலைக்கு முயலும் இளைஞரும், சத்துணவு ஊழியரும், நரை விழுந்த ஓட்டுநரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

ஆறாம் படி: ஒரு பாடம் போனால்

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற பாடங்களின் மதிப்பெண் அப்படியே நிற்கும். தவறியதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வந்துவிடுகிறது, விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்களும் குறைவு. ஆகவே முடிவு வந்த அன்றே அறிவிப்பைப் பாருங்கள். ஓரிரு மதிப்பெண்ணில் தவறியிருந்தால் மறுகூட்டலுக்கும் விண்ணப்பியுங்கள். ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருந்து துணைத்தேர்வுக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். அன்று மாலையே அந்த வினாத்தாளை எடுத்து, தெரியாமல் விட்டவை எவை, நேரம் இல்லாமல் விட்டவை எவை என்று இரண்டாகப் பிரியுங்கள். முதல் வகை அதிகம் என்றால் பாடத்துக்குத் திரும்புங்கள். இரண்டாம் வகை அதிகம் என்றால் அடுத்த தேர்வு வரை வாரம் இரண்டு முழு வினாத்தாளை மூன்று மணி நேரத்துக்குள் எழுதி முடிக்கும் பயிற்சி மட்டுமே போதும்.